செஸ்னாவா, பைப்பரா? நாலு சீட் இருந்தா நாலு பேர் பறக்க முடியுமா?

அமெரிக்காவில் சொந்த விமானம் என்றதும் கோடீஸ்வரர்களின் ஜெட்டைக் கற்பனை செய்ய வேண்டாம். அங்கே லீவு நாளில் குடும்பத்தோடு பக்கத்து ஊருக்குப் பறந்துவிட்டு வருபவர்கள் பலரிடம் இருப்பது, ஒரே ஒரு பெட்ரோல் இன்ஜினில் ஓடும் குட்டி விமானம்தான். அவர்களுக்குள் ஓயாத ஒரு பட்டிமன்றம் உண்டு. செஸ்னா 172-ஆ, பைப்பர் ஆர்ச்சரா?

செஸ்னா 172 விற்பனைக்கு வந்தது 1956-ல். இதுவரை 44,000-க்கும் மேல் தயாராகியிருக்கிறது. உலகில் மிக அதிக எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட விமானம் இதுதான். ஆர்ச்சரோ, 1960-ல் முதன்முதலாகப் பறந்த பைப்பர் செரோக்கி குடும்பத்தின் வாரிசு.

இன்றைய மாடல்கள் இரண்டிலும் 180 குதிரைத்திறன் லைகமிங் இன்ஜின். இரண்டிலும் நாலு சீட். வேகமும் ஏறத்தாழ ஒன்றுதான், மணிக்கு சுமார் 230 கி.மீ. அப்புறம் என்னதான் வித்தியாசம்?

இறக்கை: செஸ்னாவுக்கு இறக்கை தலைக்கு மேலே. ஜன்னல் வழியே ஊரையும் ஆற்றையும் ஆசைதீரப் பார்க்கலாம். ஆனால், திரும்பும்போது தாழும் இறக்கை அந்தப் பக்கத்தை மறைத்துவிடும். பைப்பருக்கு இறக்கை கீழே. திரும்பும் திசை பளிச்சென்று தெரியும், நேர் கீழே இருப்பது தெரியாது. ஒரே ரன்வேயை நோக்கி பைப்பர் மேலேயும் செஸ்னா கீழேயும் இறங்கினால், ஒன்றை ஒன்று பார்க்கவே முடியாமல் போகலாம். ரேடியோவில் 'நான் இங்கே இருக்கிறேன்' என்று சொல்லிக்கொண்டே வருவது அதனால்தான்.

கதவு: செஸ்னாவில் இருபக்கமும் கதவு. பைப்பரில் வலப்பக்கம் மட்டும், அதுவும் இறக்கை மேல் ஏறித்தான் உள்ளே போக வேண்டும். முட்டிவலி உள்ள பாட்டியை அழைத்துப்போக செஸ்னாதான் வசதி.

எரிபொருள்: செஸ்னாவில் இரண்டு டேங்கில் இருந்தும் ஒரேநேரத்தில் எரிபொருள் எடுக்கலாம். பைப்பரில் இடது அல்லது வலது, ஏதாவது ஒன்றுதான். பைலட் கடிகாரத்தைப் பார்த்து மாற்றிக்கொண்டே வர வேண்டும். மறந்தால், ஒரு டேங்க் நிறைய எரிபொருள் இருக்கும்போதே இன்ஜின் நின்றுவிடும்.

எடை: இதுதான் ரொம்ப முக்கியம். இரண்டுமே ஆள், லக்கேஜ், எரிபொருள் எல்லாம் சேர்த்து 400 கிலோ அளவுக்குத்தான் தாங்கும். டேங்க்கை நிரப்பினால் அதிலேயே 130 முதல் 145 கிலோ போய்விடும். மிச்சம் 250 கிலோ சொச்சம். ஆளுக்கு 75 கிலோ என்றால்கூட நாலு பேருக்கு 300 ஆகிவிடும். ஆக, ஒருவரைக் குறைக்க வேண்டும், அல்லது எரிபொருளைக் குறைத்துக்கொண்டு வழியில் ஒருமுறை இறங்கி நிரப்ப வேண்டும். 'பரவாயில்லை, ஏறுங்க' என்று கிளம்பினால், மேலெழும்ப ரன்வே போதாமல் போகலாம். வெயில் நாளில் காற்றின் அடர்த்தி குறைவதால், ஆபத்து இன்னும் அதிகம்.

தீர்ப்பு? வேடிக்கை பார்க்கவும் பெரியவர்களை ஏற்றவும் செஸ்னா. டேங்க் மாற்றும் ஒழுக்கம் உள்ளவர்களுக்கு பைப்பரும் குறைச்சல் இல்லை.

எதுவானாலும் சரி, குட்டி விமானத்தில் ஏறும் வாய்ப்பு கிடைத்து, பைலட் உங்கள் எடையைக் கேட்டால் கூச்சப்படாமல் உண்மையைச் சொல்லிவிடுங்கள். அஞ்சு கிலோ குறைத்துச் சொல்லும் பழக்கமெல்லாம் தரையோடு இருக்கட்டும்!