“எம்.ஏ. ரெகுலரா, கரஸ்ஸா?”

முனைவர் பட்ட நேர்காணலில் என்னிடம் கேட்ட முதல் கேள்வி இதுதான். கரஸ் என்றேன். குழுவில் ஒருவர் என் கோப்பை மூடி ஓரமாக வைத்தார். அடுத்த ஆண்டு வேறொரு பல்கலைக்கழகத்தில்தான் இடம் கிடைத்தது. தொலைநிலைப் பட்டமும் வளாகப் பட்டமும் சமம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2022 செப்டம்பரில் அறிவித்துவிட்டது. நேர்காணல் அறைகளுக்கு மட்டும் அந்த அறிவிப்பு இன்னும் போய்ச் சேரவில்லை போலிருக்கிறது.

நான் தொலைநிலையில் படித்தது குழந்தைப் பருவமும் இளமையும் குறித்த முதுகலை. ஞாயிற்றுக்கிழமை நேர்முக வகுப்பில் என் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் யார் தெரியுமா? ஓர் அங்கன்வாடிப் பணியாளர், ஆதிதிராவிடர் நல விடுதிக் காப்பாளர் ஒருவர், இரண்டு இடைநிலை ஆசிரியர்கள், ரயில் நிலையத்தில் வந்து இறங்கும் பிள்ளைகளை மீட்கும் ஒரு தோழர். அநேகமாக எல்லோரும் வீட்டின் முதல் பட்டதாரிகள். வாரத்தில் ஆறு நாள் குழந்தைகளோடு இருந்துவிட்டு ஏழாவது நாள் குழந்தைகளைப் பற்றிப் படிக்க வந்தவர்கள். முழுநேரம் படிக்க வசதியுள்ளவர்களின் வகுப்பில் இப்படி ஒரு கூட்டம் சேராது.

பாடநூல் நன்றாகத்தான் தொடங்கியது. குழந்தைப் பருவம் இயற்கையாக அமைவதல்ல, ஒவ்வொரு சமூகமும் அதை உருவாக்குகிறது என்றது. பிரெஞ்சு வரலாற்றாசிரியர் பிலிப் ஆரியேஸ் 1960-இல் எழுதிய நூலிலிருந்து வளர்ந்த விவாதம் அது. படித்தபோது எனக்குச் சிலிர்த்தது. ஊருக்கும் சேரிக்கும் நடுவே நிற்பவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாமே! ஆனால் பக்கங்களைப் புரட்டினால் வறுமை வருகிறது, பாலினம் வருகிறது, ஐரோப்பா வருகிறது. சாதி ஒரு பத்தியில், ‘பின்தங்கிய பிரிவினர்’ என்ற பெயரில் வந்து போகிறது.

அம்பேத்கர் தன் பள்ளி நாட்களை எழுதியிருக்கிறார். வீட்டிலிருந்து கொண்டுபோன கோணியில் தனியே உட்கார வேண்டும். பியூன் குழாயைத் திறந்துவிட்டால்தான் தண்ணீர், அவர் இல்லாத நாளில் தாகத்தோடு இருக்க வேண்டும். இந்தியக் குழந்தைப் பருவம் பற்றிய பாடத்தை இங்கிருந்தல்லவா தொடங்க வேண்டும்?

குழந்தைத் தொழிலாளர் பாடத்துக்கு வருவோம். பள்ளி நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் உதவலாம் என்று 2016-ஆம் ஆண்டுச் சட்டத்திருத்தம் சொல்கிறது. பாடநூல் இதை விதிவிலக்கு என்று ஒரே வரியில் முடிக்கிறது. இந்த நாட்டில் குடும்பத் தொழில் என்றால் பெரும்பாலும் சாதித் தொழில். அரைநாள் பள்ளி, மீதி நேரம் அப்பன் தொழில் என்று 1953-இல் ராஜாஜி கொண்டுவந்ததைக் குலக்கல்வி என்று பெயர் சொல்லி எதிர்த்தார் பெரியார். மறு ஆண்டே ராஜாஜி பதவி விலகினார், திட்டமும் போனது. தமிழ்நாட்டு மாணவருக்கு இந்த இரண்டையும் அருகருகே வைத்துக் காட்டாத பாடம் என்ன பாடம்?

இளமை பற்றிய பகுதி இன்னும் மோசம். அடையாளச் சிக்கல், நண்பர் குழு, செல்பேசி. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பன்னிரண்டாம் வகுப்பு தலித் மாணவனையும் தடுக்க வந்த தங்கையையும் வீடு புகுந்து வெட்டியவர்கள் அதே பள்ளியின் மாணவர்கள். அதன்பின் அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, கையில் கட்டும் வண்ணக் கயிறு வரை பேசியது. பதினாறு வயதுப் பையனின் மணிக்கட்டில் அந்தக் கயிற்றைக் கட்டியது யார்? ‘நண்பர் குழு’ என்ற சொல்லை வைத்துக்கொண்டு இதற்குப் பதில் தேட முடியாது.

அந்த அங்கன்வாடி அக்கா ஓர் ஒப்படைப்பு எழுதினார். சேரிக்குள் இருக்கும் தன் மையத்துக்கு ஊர்ப் பிள்ளைகள் வருவதில்லை. சத்துமாவு மட்டும் வாங்கிப் போகிறார்கள், அதுவும் வாசலில் நின்று. எந்த வீட்டார், எந்த மாதம் முதல், என்ன காரணம் சொன்னார்கள் என்று பத்துப் பக்கம் எழுதியிருந்தார். நூறுக்கு நாற்பத்திரண்டு. ‘சொந்த அனுபவம், பாடநூல் கருத்துகள் இல்லை’ என்று சிவப்பு மையில் குறிப்பு. நான் பாடநூலைப் பார்த்து எழுதி எழுபத்தொன்று வாங்கினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் கூச்சமாக இருக்கிறது.

தொலைநிலைக் கல்வியின் தரம் குறைவு என்கிறவர்கள் இந்த நாற்பத்திரண்டைப் பற்றிப் பேசட்டும். களத்தில் இருப்பவர் களத்தை எழுதினால் அது ஆய்வு என்று மதிப்பெண் திட்டத்தில் எழுதுங்கள். சாதிக்கு ஒரு பத்தி போதாது, ஒரு தாள் வேண்டும்.

அக்கா இப்போது இறுதி ஆய்வேடு எழுதுகிறார். தலைப்பை மாற்றச் சொன்னார்களாம். அதே மையம், அதே வாசல். மாற்றமாட்டேன் என்று சொல்லிவிட்டுத் தேர்வுக் கட்டணம் கட்டி வந்திருக்கிறார்.