மோட்டார் கொட்டகையையும் எட்டிப் பாருங்கள்

மாண்புமிகு வேளாண்மை – உழவர் நலத்துறை அமைச்சர் அவர்களுக்கு,

ராஜகீழ்ப்பாக்கத்திலிருந்து எழுதுகிறேன். ஏரிப் பாசனம் பார்த்த ஊர். 2021 முதல் தாம்பரம் மாநகராட்சிக்குள் இருக்கிறது. கொய்யாவோ மாம்பழமோ இனி வெளியூரிலிருந்துதான் வரவேண்டும். ‘இயற்கை’ என்று எழுதியிருந்தால் நாலு காசு கூடக் கொடுத்து வாங்குகிறவர்களில் நானும் ஒருவன். விலை பற்றிப் புகார் இல்லை. அந்தப் பழம் குடித்த கரண்டைப் பற்றியே இந்த மடல்.

யூரியா போடாததே பெரிய மிச்சம்தான். அதைத் தயாரிக்க ஆலைகள் எரிக்கும் எரிவாயு கொஞ்சநஞ்சமல்ல. ஆனால் களைக்கொல்லி இல்லாத தோப்பில் பெட்ரோலில் களைவெட்டி ஓடுகிறது. தொழுவுரம் டிராக்டரில் வருகிறது. இவை போக, கிணற்று மோட்டார்.

மதுராந்தகம் பக்கம் என் மைத்துனருக்குக் கொய்யாத் தோப்பு இருக்கிறது. அவருடைய 5 ஹெச்.பி. மோட்டாருக்குப் பலமுறை காயில் கட்டியாயிற்று. ஃபுட் வால்வு தேய்ந்துவிட்டதால் குடம் குடமாக ஊற்றினால்தான் தண்ணீர் ஏறும். டெலிவரி குழாய் மூட்டில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கிறது, அப்படியும் ஒழுகல். மீட்டர் கிடையாது. எத்தனை யூனிட் ஆகும் என்று கேட்டால், “பில்லு வந்தாத்தானே மச்சான் தெரியும்?” என்று சிரிக்கிறார்.

அவரை என்ன சொல்ல? 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லோருக்கும் கிடைத்த இலவச மின்சாரம் எத்தனையோ குடும்பங்களைக் கரையேற்றியது. அதில் கை வைக்கச் சொல்லவில்லை. பழைய மோட்டாரை மாற்றவும் சொட்டுநீர் போடவும் அரசு மானியம் தருகிறது. இருந்தும், ஓடுகிற மோட்டாரை யார் கழற்றுவார்? அது எவ்வளவு தின்கிறது என்று அளந்து காட்ட ஆளில்லையே.

ஆள் இருக்கிறார். ‘இயற்கை’ என்று சான்று தரும் அங்ககச் சான்றளிப்புத் துறையின் ஆய்வாளர் ஆண்டுதோறும் தோப்புக்கு வருகிறார். எரு, பதிவேடு, பக்கத்து வயலின் மருந்து வீச்சு எல்லாம் பார்க்கிறார். மோட்டார் கொட்டகைக்குள் அவருக்கு வேலையில்லை. ஒரு கிளாம்ப் மீட்டர், ஒரு 200 லிட்டர் டிரம் போதும்: எத்தனை ஆம்பியர் இழுக்கிறது, டிரம் நிரம்ப எத்தனை நொடி ஆகிறது என்று அங்கேயே தெரிந்துவிடும். அப்படியே மரத்தடியில் மூடாக்கு போட்டிருக்கிறதா என்றும் பார்க்கட்டும். சருகும் மட்டையும் பரப்பிய பாத்தியில் ஈரம் நின்றால் மோட்டார் ஓடும் நேரமும் குறையும்.

2023-இல் அரசு அங்கக வேளாண்மைக் கொள்கையே வெளியிட்டது. கொள்கை இருக்கும்போது ஆய்வாளரின் படிவத்தில் இரண்டு வரி சேர்ப்பது பெரிய காரியமல்ல. மோட்டார் மோசம் என்று ஆய்வாளர் எழுதினால், அந்தத் தாளையே மானிய விண்ணப்பமாக ஏற்றுக்கொள்ள உத்தரவிடுங்கள். விவசாயியை இன்னொரு அலுவலகத்துக்கு அலையவிட வேண்டாம். செங்கல்பட்டு மாவட்டத்திலேயே தொடங்கலாம்.

இப்படிக்கு,
ராஜகீழ்ப்பாக்கம் வாசி ஒருவன்