அண்டைத் தெருவின் அடுப்பங்கரை

சித்திரை நெருங்குகின்றது; நம் இல்லங்களில் நெய் பிஸ்கோத்து மணக்கின்றது. மட்டாஞ்சேரிவாழ் நமக்கு இவ்வேளையில் யூதத் தெரு நினைவுக்கு வருகின்றது.

அவர்தம் பாஸ்கா விழாவும் இப்பருவத்ததே. வீட்டுக்கு வெள்ளையடித்து, பாத்திரம் துலக்கிப் புளியாத ரொட்டி சுடுவார்கள். மாவில் நீர் பட்ட 18 நிமிடத்திற்குள் சுட்டெடுத்தல் மரபு. தனியொருத்தியால் ஆகாத அவ்வேலைக்குத் தோழியர் கைகொடுத்தனர். 1950களில் பெரும்பாலோர் இஸ்ரேல் சென்றனர். பிசையும் கைகள் அருகின.

எஞ்சியோருள் ஒருவரான சாரா கோஹன் அம்மையார் அத்தெருவில் பூத்தையல் கடை நடத்தினார். விழா ரொட்டியை மூடும் துணிகளில் அவர் ஊசி பூவேலை செய்தது. முதுமையில் அவரைத் தாயெனப் பேணியவர் தாஹா இப்ராகிம் என்னும் முஸ்லிம் அன்பர். 2019-இல் அம்மையார் 96ஆம் வயதில் மறைந்த பின்னரும் அவர் அக்கடையைக் காத்து வந்தார்.

குடிபெயர்ந்து வாழும் நாம் சிந்திக்க வேண்டுவது இதுவே: இல்லத்துக் கைவினை குலத்தால் மட்டும் நிலைப்பதன்று, கற்பிப்பார் இருந்தால் நிலைக்கும். இச்சித்திரையில் பச்சடி கிண்டும்போதும் பிஸ்கோத்து சுடும்போதும் நம் புதல்வியரோடு புதல்வரையும், அண்டை வீட்டுச் சிறாரையும் அருகே அழைப்போமாக! மாவு சற்றே சிந்தினால்தான் என்ன?