நீர்ச் சோதனைச் சீட்டும் நமது தீர்மானமும்

வவுச்சர் இல்லாத செலவை எந்தக் கூட்டுறவுச் சங்கமும் கணக்கில் ஏற்பதில்லை. தொகை சிறிதாயினும், யார் கொடுத்தார், எந்தத் தேதியில், எதன் பொருட்டு என்று கேட்கிறோம். நீரையும் மண்ணையும் பற்றி நம் கைக்கு வரும் எண்களிடம் அக்கண்டிப்பைக் காட்டுகிறோமா? இல்லை என்பதே என் அபிப்பிராயம்.

இதன் முக்கியத்துவத்தை நொய்யல் கரை உணர்த்தும். பருத்தி நூல் சாயத்தைப் பற்றிக்கொள்வதற்காகச் சாயத் தொட்டியில் உப்பு சேர்க்கப்படுகிறது. சாயம் நூலில் தங்குகிறது; உப்போ கழிவுநீருடன் வெளியேறுகிறது. திருப்பூர்ச் சாயப்பட்டறைகளின் உப்பு ஆற்றிலும் ஒரத்துப்பாளையம் அணையிலும் சேர்ந்து, கீழ்ப்பகுதி உழவரின் கிணறுகளைக் கெடுத்தது. வழக்கு நடந்து, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் பட்டறைகளை மூட உத்தரவிட்டது. உழவரின் நிலமும் தொழிலாளரின் பிழைப்பும் ஒருங்கே பாதிக்கப்படும் இத்தகைய விவகாரத்தில், எண் தவறினால் இரு தரப்பாருக்கும் நஷ்டமே.

ஆகவே ஒவ்வொரு சோதனைச் சீட்டையும் மூன்று கேள்விகள் கேட்போமாக.

முதலாவது, நீர் எங்கே, எப்போது எடுக்கப்பட்டது? திறந்த கிணற்று நீர் வேறு. ஆழ்குழாய்க் கிணற்று நீர் வேறு. மழைக்குப் பின் உப்பு நீர்த்திருக்கும், கோடையில் செறிந்திருக்கும். ஒரு நாள் எடுத்த ஒரு புட்டி நீர் ஓராண்டுக்குச் சாட்சி கூறாது.

இரண்டாவது, எக்கருவியால் அளக்கப்பட்டது? கையடக்க டி.டி.எஸ். மீட்டர் உப்பை நிறுத்துப் பார்ப்பதில்லை; நீரின் மின் கடத்துதிறனை அளந்து, அதைக்கொண்டு உப்பை மதிப்பிடுகிறது. எந்த உப்பு என்று அது கூறாது. சோடியம் மிகுந்தால் மண் இறுகும். கால்சியத்தால் அக்கேடு விளைவதில்லை. மாதந்தோறும் ஒப்பிட்டுப் பார்க்க அம்மீட்டர் போதும். ஒருவர்மீது குற்றம் சாட்ட அது போதாது.

மூன்றாவது, எத்தீர்மானத்திற்காக? குடிநீருக்கு இந்தியத் தரம் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காதபோது 2000 வரை அனுமதி உண்டு. பாசனத்திற்கோ பயிரைப் பொறுத்தே முடிவு. 1977இல் மாஸ், ஹாஃப்மன் என்னும் அறிஞர்கள் வெளியிட்ட அட்டவணைப்படி, மண்ணின் உப்புத்தன்மை மீட்டருக்கு 1.2 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே வெங்காய மகசூல் குறையத் தொடங்கும், பருத்தி 7.7 வரை தாங்கும். ஒரே கிணறு ஒருவருக்கு நல்ல கிணறு, அடுத்தவருக்குக் கெட்ட கிணறு!

எல்லா விவரமும் கிட்டும்வரை காத்திருப்போம் என்பாரும் உளர். அதுவும் சரியன்று, பயிர் காத்திராது. தீர்மானத்தின் கனத்துக்கேற்பச் சான்று கேட்பதே முறை. ஒரு போகத்துக்குப் பயிரை மாற்ற மீட்டர் எண் போதும். கிணறு வெட்டக் கடன் வழங்கவும், பட்டறைமீது புகார் எழுதவும் ஆய்வுக்கூடச் சான்று வேண்டும்.

ஒவ்வொரு சங்கமும் ஒரு நீர்ப் பதிவேடு வைப்பது நலம். அதே கிணறுகள், பருவமழைக்கு முன் ஒரு முறை, பின் ஒரு முறை, தேதி, ஆழம், கருவி, நீர் எடுத்தவர் பெயர். உழவர் ஒருவரும் நெசவாளர் ஒருவரும் உடனிருந்து கையொப்பமிடட்டும். இரு தரப்பாரும் ஒப்பிய எண்ணே சச்சரவைத் தீர்க்க உதவும். அடுத்த பொதுக்குழுவில் அங்கத்தினர்கள் இதனை ஆலோசிப்பார்களாக.