படை பெரிது, சோறு எங்கே?

சென்ற ஞாயிறு மாலை, களுபோவிலையிலுள்ள தமையனார் இல்லத்துக்குச் சென்றிருந்தோம். பெறாமகன் கணினியின் முன்னே கன்னத்திற் கை வைத்து அமர்ந்திருந்தான்.

“எங்கட படைதான் பெரிசு, சித்தப்பா. சண்டை தொடங்க முந்தியே பாதிப்பேர் செத்துப்போயிட்டினம்.”

அவன் ஆடியது ‘குருசேடர் கிங்ஸ் 3’. சுவீடன் தேசத்து நிறுவனமொன்று 2020இல் வெளியிட்ட விளையாட்டு. அதில் இடைக்கால மன்னனாக நாடாளலாம். பாப்பரசர் சிலுவைப் போரை அறிவித்தால், படையுடன் ஜெருசலேமுக்கும் புறப்படலாம். பன்னீராயிரம் பேருடன் சென்ற நம் வீரன் மூன்றாம் முறையும் தோற்றிருந்தான். அருகிலிருந்து நோக்கியபோது காரணங்கள் புலனாயின.

முதலாவது, உணவு. ஒவ்வொரு நிலப்பகுதியும் ஓரளவு படைக்கே சோறிடும். அளவு மிஞ்சினால் கையிருப்புக் கரையும். பின்னர் ஆட்கள் மடிவர். ஆகவே படையைப் பிரித்து வெவ்வேறு வழியாக நடத்தி, போர் நெருங்கும்போது ஒன்றுசேர்த்தல் வேண்டும். 1187 யூலையில் ஜெருசலேம் அரசின் சேனை, ஊற்று நீருள்ள பாளையத்தை விட்டு வறண்ட மேட்டுநிலத்தில் இறங்கியது. தாகத்தால் வாடிய அச்சேனையை ஹத்தீனில் சலாகுத்தீன் எளிதில் வென்றார்.

இரண்டாவது, கரை. கப்பலிலிருந்து இறங்கிய படை முதல் முப்பது நாட்கள் சோர்ந்தே போரிடும். பகைவன் கண்ணெதிரே இறங்காது, சற்றுத் தொலைவில் இறங்கி இளைப்பாறுக. ஆற்றைக் கடந்து தாக்குவதும் தீங்கே.

மூன்றாவது, துணை. தனித்து முன்னேறாது, நட்பரசரின் பெரும்படையை அடுத்து நிற்றல் நன்று.

நான்காவதே கடினமானது: வென்றதைக் காத்தல். போர் முடிந்ததும் துணைவர் ஊர் திரும்புவர். புதிய அரசன் பகைவர் நடுவே தனித்து நிற்பான். இங்கிலாந்து மன்னன் றிச்சார்ட், 1191இல் கப்பல்கள் உணவு சுமந்து உடன்வரக் கடலோரமாகவே படை நடத்தி அர்சூப்பில் வென்றான். ஆயினும் இருமுறை ஜெருசலேமை நெருங்கியும் திரும்பினான். பிடித்தாலும் காக்கவியலாது என்பதே அவன் பக்கத்தார் கணிப்பு.

இது தூரதேசத்துக் கதையன்று. இவ்விளையாட்டின் தேசப்படத்தில் நம் இலங்கையும் உண்டு. 1066ஆம் ஆண்டிலிருந்தும் ஆட்டத்தைத் தொடங்கலாம். அக்காலத்திற் பொலன்னறுவையில் சோழர் ஆட்சி. தெற்கே உருகுணையில் விஜயபாகு. அவன் முதலிற் பொலன்னறுவையைப் பிடித்தும், சோழநாட்டுத் துணைப்படை வந்ததும் பின்வாங்கினான். பொறுத்திருந்து, சோழநாட்டில் அரசுரிமைக் குழப்பம் நேர்ந்த 1070இல் மும்முனையாகப் படை செலுத்தி வென்றான். கடல் கடந்து துணை வராதபோது சோழர் ஆட்சி இங்கே நிலைக்கவில்லை.

இவற்றைக் கூறியபின் பிள்ளை மீண்டும் ஆடினான். இம்முறை படையை மூன்றாகப் பிரித்தான். சிறிது நேரத்தில் திரும்பி, “அப்ப முதல்ல செத்த ஆறாயிரம் பேரும் ஆர், சித்தப்பா?” என்றான்.

ஏர் பிடித்திருந்த குடியானவர்கள் என்றோம். விளையாட்டிற் சில ஆண்டுகளில் அந்த எண் மீண்டும் நிரம்பிவிடும். ஊர்களில் அவ்வாறு நிரம்புவதில்லை என்பதை, போரைக் கண்ட நாட்டவராகிய நாம் அறிவோம்.

வாசகர் வீட்டுப் பிள்ளைகள் தாராளமாக ஆடட்டும். படையை எண்ணுமுன் சோற்றை எண்ணட்டும். புறப்படுமுன், போவது எதற்கென்றும் ஒருமுறை கேட்டுக்கொள்ளட்டும்.