30 வயதுக்கு முன்பே பி.பி. ஏன் பார்க்க வேண்டும்?

உயர் ரத்த அழுத்தம் நடுவயதுக்காரர்களின் நோய், இருபதுகளில் சோதித்தால் வீண் பீதியும் ஆயுள் முழுக்க மாத்திரையும்தான் மிச்சம் என்ற வாதம், சோதனையையும் சிகிச்சையையும் போட்டுக் குழப்புகிறது. ஒருமுறை 140/90 காட்டியதற்காக மாத்திரை தொடங்குவதில்லை. வெவ்வேறு நாட்களில் மீண்டும் அளந்து உறுதிசெய்வதே முறை. வீண் பீதிக்குக் காரணம் பல வேளைகளில் அளக்கும் விதம். மாடிப்படி ஏறி வந்தவருக்கு மூச்சு அடங்குமுன், கையைத் தொங்கவிட்டபடி, பருத்த புஜத்தில் சிறிய பட்டையைச் சுற்றினால் அளவு கூடத்தான் செய்யும். ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, பாதம் தரையில் பதிய, கையை இதய மட்டத்தில் வைத்து அளந்தால் நம்பத்தக்க எண் கிடைக்கும்.

அறிகுறி வந்தபின் பார்த்துக்கொள்ளலாம் என்பது அதைவிட ஆபத்தான யோசனை. இந்த நோய் பெரும்பாலும் அறிகுறியே காட்டாது. அமெரிக்காவில் 1985-86இல் 18 முதல் 30 வயதுள்ள 5,115 பேருடன் தொடங்கிய கார்டியா ஆய்வு, 40 வயதுக்கு முன்பே அழுத்தம் உயர்ந்தவர்களுக்குப் பின்னாளில் இதய, ரத்தநாள நோய்கள் அதிகம் என்று காட்டியது. சிறுநீரகத் தமனிச் சுருக்கம் போன்ற, சரிசெய்யக்கூடிய காரணங்கள் தென்படும் வாய்ப்பும் இளையோரிடம்தான் கூடுதல்.

பெண்களைப் பற்றி அந்த வாதம் யோசிக்கவே இல்லை. கர்ப்பத்தின் முற்பாதியில் அழுத்தம் இயல்பாகவே சற்று இறங்கும். ஏற்கெனவே இருந்த உயர்வை அது மறைத்துவிடும். கருத்தரிக்கும் முன்பே ஓர் அளவு பதிவாகியிருந்தால், ஏழாம் மாதத்தில் ஏறும் அழுத்தம் பழையதா, புதியதா என்று மருத்துவர் பிரித்தறிய முடியும்.

இந்தியாவின் தொற்றா நோய்த் திட்டம் 30 வயதிலிருந்து சோதிக்கிறது. அமெரிக்கத் தடுப்புச் சேவைப் பணிக்குழு 18 வயதிலிருந்தே பரிந்துரைக்கிறது. அபாயம் குறைந்த, அளவு சீராக உள்ள 40 வயதுக்குட்பட்டோருக்கு 3 முதல் 5 ஆண்டுக்கு ஒருமுறை போதும் என்கிறது.