சென்னைப் பதிவு பெங்களூரில் செல்லுமா?

 

ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதியில் தோல் தொழிலை நம்பி வாழும் இல்லங்களிலிருந்தும் பெண்மக்கள் செவிலியர் கல்விக்குச் செல்கின்றனர். மகிழ்ச்சி. அகழ்ப்போரில் காயமுற்ற ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்களை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள், பள்ளிவாசலில் ருஃபைதா (ரலி) அம்மையார் அமைத்திருந்த கூடாரத்தில் சேர்க்கச் செய்தார்கள் என்பது வரலாறு. வேலூரில் டாக்டர் ஐடா ஸ்கடர் 1909-லேயே செவிலியர் பள்ளியைத் தொடங்கினார். அருகிலிருந்தும் நம்மில் பலர் அதை நெடுநாள் எட்டிப் பார்க்கவில்லை. அது போகட்டும்.

நம் பகுதியின் சம்பந்தங்கள் மாநில எல்லையை அறியா. பெண் ஆம்பூர் என்றால் மாப்பிள்ளை பெங்களூராகவோ சித்தூராகவோ இருப்பார். இங்கேதான் சிக்கல். படிப்பு முடித்த பெண் சென்னையிலுள்ள தமிழ்நாடு செவிலியர், மகப்பேறு உதவியாளர் கவுன்சிலில் பதிவு செய்திருப்பாள். அது தமிழ்நாட்டின் பதிவேடு. பெங்களூரில் பணிபுரியக் கர்நாடகப் பதிவேட்டிலும், சித்தூரில் பணிபுரிய ஆந்திரப் பதிவேட்டிலும் பெயர் ஏறவேண்டும்.

படிப்பு வீணாகுமோ என்று அஞ்சவேண்டாம். 1947-ஆம் ஆண்டின் இந்திய நர்சிங் கவுன்சில் சட்டம், அங்கீகாரம் பெற்ற தகுதி எந்த மாநிலப் பதிவேட்டிற்கும் போதுமானது என்றே வகுத்தது. மீண்டும் தேர்வு எழுதுவதில்லை, காகித வேலைதான். சென்னைக் கவுன்சிலிடம் ஆட்சேபணையில்லாச் சான்று பெற்று, அங்குள்ள பதிவு சரிபார்க்கப்பட்ட பிறகு, புதிய மாநிலத்தில் விண்ணப்பிக்கவேண்டும். பழைய பதிவு காலாவதியாகியிருந்தால் முதலில் அதைப் புதுப்பித்தாக வேண்டும். கைக்குழந்தையோடு சென்னைக்கும் பெங்களூருக்கும் அலைவதைவிட, நிக்காஹ் நாள் குறித்தவுடனே தொடங்கிவிடுவது எளிது.

பெயர் விஷயத்தில் கவனம் தேவை. சான்றிதழில் தந்தையின் முதலெழுத்து, ஆதாரில் கணவர் பெயர் என்றிருந்தால் விளக்கம் கேட்பார்கள். மணமானவள் கணவர் பெயரைச் சூடவேண்டும் என்று நம் மார்க்கம் கட்டாயப்படுத்தவில்லையே! பிறகேன் மாற்றுகிறோம்?

அமெரிக்காவில் 40-க்கும் மேற்பட்ட மாநிலங்கள் உடன்படிக்கை செய்து, ஒரே உரிமத்தில் பணிபுரிய இடமளிக்கின்றன. இங்கே இந்திய நர்சிங் கவுன்சில் நாடு தழுவிய பதிவேடு ஒன்றை உருவாக்கி, செவிலியருக்குத் தனி அடையாள எண் வழங்கியது. 2023-இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய செவிலியர் ஆணையச் சட்டமும் தேசியப் பதிவேட்டுக்கு வகை செய்கிறது. ஆயினும் எண் கையில் இருக்கிறதென்று மாநிலப் பதிவை விட்டுவிடவேண்டாம்.

பதிவில்லாத பெண்ணை, நர்ஸ் என்ற பெயரில்லாமல் குறைந்த கூலிக்கு வைத்துக்கொள்ளும் இடங்கள் உண்டு. வேலை முழுவதும் நர்ஸ் வேலை; சம்பளம் ஆயா சம்பளம். பின்னாளில் வளைகுடாவுக்கு விண்ணப்பித்தால் அந்த ஆண்டுகளை அனுபவமாகக் காட்டவும் வழியில்லை.

பெண் பேச வருவோரிடம் நகை, விருந்து என்று எத்தனையோ பேசுகிறோம். மணமான பின் அவள் பணிக்குச் செல்வாளா, எந்த ஊரில், பதிவுக்கு யார் உடன் செல்வார் என்பதையும் பெரியவர்கள் அந்த அமர்விலேயே கேட்டுவிடலாம். மாமியார் முகம் சுளித்தால், அதுவும் முன்கூட்டியே தெரிந்துவிடுமல்லவா!